அப்படி யாரும் இங்கே இல்லீங்க

எனக்குக் கல்யாணம் ஆனது என் அப்பா செத்த அன்று. அவரை எடுப்பதற்கு முன்னால்.

இதை நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் தெரியும், அதனால் சொல்ல வேண்டிய தேவை இல்லை. வெளியாளிடம் முதலில் சொன்னது ஊட்டியில், போலீஸ் ஆபீசில்.

அப்பா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவுக்கு இவ்வளவு பேர், அங்கேயே இவ்வளவு பேர் என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தபோது அப்பா பெயர் இந்தியப் பக்கம் விழுந்தது. அவருடைய தங்கச்சி, அதாவது என் அத்தை, அந்தப் பக்கம் நின்றுவிட்டார். அதுவரை ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. கப்பல் ஏறும்போது எனக்கு நடக்கத் தெரியும், அவ்வளவுதான். ஏறும் முன் அப்பா அத்தையிடம், 'உனக்குப் பெண் பிறந்தால் இவனுக்குத்தான்' என்று சொல்லிவிட்டு வந்தாராம். அத்தைக்குப் பெண் பிறந்தது.

குன்னூரிலிருந்து மஞ்சூர் போகிற ரோட்டில் இறங்கி, சரிவில் கீழே நடந்தால் எங்கள் தோட்டம். அப்பா அங்கே கவாத்து வெட்டினார். அம்மா கொழுந்து எடுத்தார், சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். நான் பேக்டரியில் டிரையர் பக்கம் நிற்கிறேன். வெளியாட்கள் லைன் வீடு என்பார்கள். நாங்கள் அங்கிருந்து கொண்டுவந்த சொல்லையே சொல்கிறோம், லயம். பிறகு சிலோனில் சண்டை, போக வர வழியில்லை. அப்பா வேறு பெண் பார்க்க விடவில்லை. எனக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

சண்டை ஓய்ந்த பிறகு அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போனது. தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தைக்கு முட்டி வீங்கி லயத்துப் படியே இறங்க முடியாது. மகளை விமானத்தில் அனுப்பினார். மூன்று மாத விசா.

அவள் வந்து கட்டில் பக்கம் நின்றாள். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வந்துட்டியா தங்கச்சி," என்றார். அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"வந்துட்டேண்ணே."

அன்றிலிருந்து அப்பா சாகும்வரை அவள் தன் அம்மாவாகத்தான் அந்த வீட்டில் இருந்தாள். அப்பா பழைய கதை கேட்பார். தெரிந்ததற்குப் பதில் சொல்வாள், தெரியாததற்கு 'ஓ' போடுவாள். இருமல் வரும்போது பால் விடாத பிளேன்டீ போட்டு, ஊதி ஊதிக் கொடுப்பாள். விசாவில் பெரும்பகுதி அப்படியே போனது.

அப்பா ஒரு காலையில் போனார். உறவெல்லாம் வந்து கூடியது. லயத்தில் அப்போது ஒரு பழைய கங்காணி இருந்தார். அவர்தான் பேச்சை எடுத்தார்.

"இவனுக்கு இவதான்னு கப்பலேறும்போதே சொன்ன மனுசன். எடுத்துட்டா இந்த வீட்டுல ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் கிடையாது. அதுக்குள்ள பொண்ணுக்குக் கெடு முடிஞ்சு போயிரும். அவன் கண்ணு முன்னாடியே முடிச்சிருவோம்."

எங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் உண்டு. பார்க்க ஆசைப்பட்டுப் போனவர் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

"விசாவுக்கு என்ன செய்யறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"தாலி ஏறிட்டா அவ இந்த வீட்டுக்காரி. சொந்த வீட்டுல இருக்கறதுக்கு விசா வாங்குவாங்களாடா?"

எழவு வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. கட்டிக்கொண்டு வந்தவள் கட்டினவன் ஊர்க்காரி. அதற்கு மேலே ஒரு சட்டம் இருக்கும் என்று எங்களில் யார் கண்டது. அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அத்தை அழுதுகொண்டே சரி என்றார்.

அப்பாவைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். கயிறு சில்லென்று இருந்தது. பறையடிக்க வந்தவர், "இப்ப எந்த அடி அடிக்கறதுங்க?" என்று கேட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். நான் கட்டினேன். பிணத்தைப் படம் பிடிக்கக் குன்னூரிலிருந்து வந்த போட்டோக்காரர் எங்களை அப்பாவுக்கு இரு பக்கமும் நிறுத்தி ஒன்று எடுத்தார். பிறகு பறை தொடங்கியது. அப்பாவைத் தூக்கினோம்.

விசா முடிகிற நாள் வந்தது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது. மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. சரி, கங்காணி சொன்னதுதான் சரி என்று இருந்தோம்.

பிறகு ஒருநாள் பேக்டரியில் செம்புக்கம்பி களவு போய், போலீஸ் வீடு வீடாக வந்தது. நான் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போனவர்களைப் பக்கத்து வீட்டு அக்கா மறித்தார்.

"அந்த வீட்டுல யாருமில்லீங்க. அவரு ஒண்டிக்கட்டை."

அவர்கள் போய்விட்டார்கள். எங்கேயோ ஓர் ஊரில் விசா முடிந்தவளைப் பிடித்து முகாமில் வைத்துவிட்டார்கள் என்று அக்கா கேள்விப்பட்டிருந்தார். அதைச் சொன்னதும் லயம் முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு காக்கிச் சட்டை எது வந்தாலும் இதே பதில்தான். கரண்ட் மீட்டர் பார்க்க வருபவருக்கும் பாரஸ்ட் கார்டுக்கும் இதே பதில். தபால்காரர் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், அவரிடம்கூட இதே பதில். பாதை தொடங்குகிற முதல் வீட்டில் ஒரு அம்மா இருந்தார். காக்கி கண்ணில் பட்டால் "பா… பா… பா…" என்று கோழியைக் கூப்பிடுவார். அந்த வீட்டில் கோழியே கிடையாது. அதைக் கேட்டதும் என் மனைவி பின்கட்டில் விறகு அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் இது விளையாட்டாக இருந்தது. வருசம் போகப் போக விளையாட்டு போய்விட்டது. அவள் சேலையை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள், அடுப்புப் புகை வாசத்தோடுதான் எப்போதும் இருந்தாள். வாசலில் பாத்திரம் தேய்த்தால் ஒரு தட்டு மட்டும் தேய்ப்பாள். இன்னொன்றை உள்ளே கழுவுவாள். மெதுவாகப் பேசிப் பேசிக் குரல் இறங்கிப்போனது. நான் வேலை முடிந்து வருவேன். வீடு காலியாக இருக்கிற மாதிரி இருக்கும். "இருக்கியா?" என்று கேட்பேன். "இருக்கேன்," என்று எங்கிருந்தோ வரும்.

அப்பா இருமுகிறார் என்று சொல்ல ஆரம்பித்தாள். பயந்து சொல்லவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்வாள்.

"மாமா இருமறாரு மச்சான். கேக்கலையா?"

எனக்குக் கேட்டதில்லை. அவள் ஒரு டம்ளர் பிளேன்டீ ஆற்றி, கட்டில் இருந்த மூலையில் வைப்பாள். சாயங்காலம் டம்ளரில் குறைந்திருக்கும். எலி குடித்ததோ வற்றியதோ, யார் கண்டது. நான் கேட்கவில்லை. பிள்ளை உண்டாகாததற்கும் லயத்தில் ஒரு காரணம் சொன்னார்கள். பிணத்தின் கையிலிருந்து வந்த தாலி என்று. எங்கள் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை.

அத்தையோடு தினமும் போனில் பேசுவாள். முகம் தெரிகிற போன்.

"எப்படி வருவேன்னு தெரியலம்மா. தினமும்தான் என் மூஞ்சியப் பாக்கறீங்களே."

"இது பாக்கறதாடி? தொட்டா கண்ணாடி சில்லுனு இருக்கு."

அத்தை மெலிந்துகொண்டே வந்தார். பிறகு படுத்துக்கொண்டே பேசினார். பிறகு அத்தையின் மகன், இவள் தம்பி, போனைப் பிடித்துக்கொள்ள அத்தை வெறுமனே பார்ப்பார். என் மனைவி ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"நான் இப்ப போனா, திரும்பி வர விடுவாங்களா மச்சான்?"

கேட்டுத் தெரிந்துகொண்டேன். அபராதம் கட்டினால் போக விடுவார்கள். திரும்ப விசா கிடைப்பது நிச்சயம் இல்லை. பேரில் கறுப்புப் புள்ளி வைத்துவிட்டால் கிடைக்கவே கிடைக்காது.

"போனா நீங்க இல்ல. இருந்தா அம்மா இல்ல," என்றாள். சோற்றைச் சாப்பிட்டு முடித்துத் தட்டை உள்ளே கழுவினாள்.

நான் ஒருநாள் லீவு போட்டு ஊட்டிக்குப் போனேன். எஸ்.பி. ஆபீசில் வெளிநாட்டுக்காரர்களைப் பதிகிற பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு ஏட்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, யாராச்சும் புடிச்சுக் குடுத்தாங்களா, நீங்களா வந்து சொல்றீங்களா?"

"நானாத்தாங்க வந்தேன்."

"இத்தன வருசம் அந்தம்மா எங்க இருந்துச்சு?"

"வீட்டிலதாங்க."

"வேற எங்கயும் போகல?"

"விறகுக்குப் பின்னாடி போவாங்க."

அவர் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். என்னென்ன வேண்டும் என்று சொன்னார். செல்லுபடியாகிற பாஸ்போர்ட். கல்யாணப் பதிவுச் சான்றிதழ். அபராதம். அவளுக்கு நான் பொறுப்பு என்று பத்திரம். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறின பிறகு வீட்டுக்கு வந்து விசாரணை.

"அது ஒண்ணும் பெரிய காரியமில்லீங்க. ஆமா, இவங்க இவரு சம்சாரம், இந்த ஊட்டுலதான் இருக்கறாங்கன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சொன்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் போயிட்டுத் திரும்பி வரவும் சேத்துக் கேக்கலாம்."

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சென்னைக்குப் போய் வந்தோம். பஸ்ஸில் அவள் முக்காடு போட்டு ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்பக்கமாகவே உட்கார்ந்தாள். பிறகு கல்யாணத்தைப் பதியச் சார்பதிவாளர் ஆபீஸ். சாட்சிக்குப் போட்டோக்காரரும் பேக்டரியில் என்னோடு நிற்கிற இருவரும் வந்தார்கள். லயத்தில் கல்யாணம் பதியப் போகிறோம் என்றுதான் சொன்னேன். ரேஷன் கார்டுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். போலீஸ்வரை போயிருக்கிறேன் என்று சொல்லவில்லை. நாமாகப் போய்ப் போலீஸில் நிற்பதை எங்கள் லயத்தில் யாரும் ஒப்ப மாட்டார்கள். முடிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

அங்கே இருந்த எழுத்தர் கல்யாண போட்டோ கேட்டார். கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"கல்யாண போட்டோ கேட்டா எழவு போட்டோவக் குடுக்கறீங்க."

"ரெண்டும் அதுதாங்க."

திரும்ப எடுத்துப் பார்த்தார். "பொண்ணு அழுவுது."

"ஆமாங்க."

"மாப்பிள்ளையும் அழுவறாரு."

"ஆமாங்க."

"பத்திரிகை இருக்குதுங்களா?"

எங்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகை இல்லை. அப்பாவின் கருமாதிப் பத்திரிகை இருந்தது. அதன் அடியில் மகன் என்று என் பெயரும், அதற்குக் கீழே மருமகள் என்று அவள் பெயரும் அச்சாகி இருந்தது. கொடுத்தேன். எழுத்தர் அதை அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துத் தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்.

"ஏம்மா. நீ சம்மதிச்சுத்தான் கட்டிக்கிட்டியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மாமா கையில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. வேணாம்னு எப்படிங்க சொல்றது," என்றாள்.

"அதில்லம்மா நான் கேக்கறது. சம்மதமா, இல்லையா? ஒண்ணு சொல்லு."

"இப்பச் சம்மதங்க."

எழுத்தர் முத்திரையைத் தேடி எடுத்தார். நான் அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தெரியவும் இல்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினோம். அபராதம் கட்டினோம். அத்தைக்குச் சொன்னாள். அத்தை படுத்தபடியே தலையை ஆட்டினார். வருவேன் என்று நிச்சயமாகச் சொல்லவில்லை, எல்லாம் அனுப்பியாகிவிட்டது, விசாரணை ஒன்றுதான் பாக்கி என்று சொன்னாள். அன்று அவள் சேலையை வாசல் கொடியில் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏட்டு சொல்லாமல் வந்தார். விசாரணைக்கு அப்படித்தான் வருவார்களாம். நான் பேக்டரியில் இருந்தேன். நடந்ததை அவரே பிறகு சொன்னார்.

பாதையில் கால் வைத்ததும் முதல் வீட்டு அம்மா கோழியைக் கூப்பிட்டார். ஏட்டு சுற்றிலும் பார்த்தார். கோழி இல்லை. எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் என் பெயரைச் சொல்லி, அவர் சம்சாரம் இருக்கிறாரா என்று கேட்டார்.

"சம்சாரமா? அவருக்கு ஏதுங்க சம்சாரம்."

"சிலோன்ல இருந்து வந்து கட்டிக்கிட்ட அம்மா."

"அப்படி யாரும் இங்கே இல்லீங்க."

எதிர் வீட்டில் கேட்டார். அங்கேயும் அதேதான். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்களை நிறுத்திக் கேட்டார். அதில் ஒருத்தி, "அந்தாளு மூஞ்சிக்கு எவ சார் கடல் தாண்டி வருவா?" என்று கேட்டாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். கடைசியில் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு ஆள் படுக்கை. மூலையில் ஒரு டம்ளர் டீ, ஆவி பறந்துகொண்டு.

"யாருக்கு டீ?" என்று கேட்டிருக்கிறார்.

"செத்துப்போன அவங்கப்பாவுக்குங்க," என்றார் அக்கா. அது ஒன்றுதான் அன்று அந்த லயத்தில் சொல்லப்பட்ட உண்மை.

ஏட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் விறகு அடுக்கின் பின்னால் இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு நமக்காகத்தான் வந்தாருன்னு தெரியும் மச்சான். கோழியக் கூப்பிட்டதும் கால் தானா இங்க இழுத்துட்டு வந்துருச்சு. எந்திரிச்சுப் போகணும்னு நெனச்சேன். வரல."

மறுநாள் ஊட்டிக்கு ஓடினேன். ஏட்டு என்னை உட்காரச் சொல்லவில்லை.

"என்னங்க, வெளையாடறீங்களா? ஒரு லைன் பூரா அப்படி ஒரு பொம்பளையே இல்லீங்கறாங்க. நான் என்னத்த எழுதறது?"

"பயந்துட்டாங்க. இவளைக் காப்பாத்தறதா நெனச்சு…"

"அது எனக்குத் தெரியாமயா. ஆனா காதுல கேட்டதத்தானுங்களே எழுதோணும். எழுதிட்டேன். மறு விசாரணைன்னு மேல கேட்டு, அவங்க சரின்னாத்தான் நான் திரும்ப வர முடியும்."

"எவ்வளவு நாள் ஆகுங்க?"

"சொல்ல முடியாதுங்க."

அவர் மோசமான ஆள் இல்லை. கிளம்பும்போது, "அந்தம்மா நெசமாலுமே இருக்குதுதானுங்களே?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

லயத்துக்கு வந்து விசயத்தைச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னமோ சாமர்த்தியமாப் பேசிட்டேன்னு ராத்திரி பூரா பெருமையா இருந்தேனே," என்றார்.

காத்திருந்தோம். பனிக்காலம் தொடங்கி, தேயிலை மேல் வெள்ளையாக விழுந்தது. கொழுந்து கருகி, பேக்டரி அரை நேரம்தான் ஓடியது. போனில் அத்தை கண்ணைத் திறக்கவில்லை. மகன் போனை அத்தையின் காதில் வைப்பான். இவள் இங்கிருந்து, "வந்துருவேம்மா. பேப்பர் வந்துரும்," என்று இறங்கின குரலில் சொல்வாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

ஒரு காலையில் மகன் போனை அத்தையின் காதில் வைக்கவில்லை. கூப்பிட்டு, "அம்மா போயிட்டாங்க அக்கா," என்று மட்டும் சொன்னான்.

அவள் போனைக் கீழே வைத்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். உடம்பு மட்டும் ஆடியது, சத்தம் வரவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். தொடலாமா என்று தெரியவில்லை. வாசல் வழியாக அக்கா பார்த்துவிட்டு உள்ளே வந்தார். முந்தானையை அவள் வாயிலிருந்து பிடித்து இழுத்தார்.

"அழுடி."

அவள் தலையை ஆட்டினாள். கையால் வெளியே காட்டினாள், பாதைப் பக்கம்.

"வந்தா வரட்டும். எவன் வர்றான்னு நான் பாக்கறேன். அழுடி."

முதலில் குரல் எழும்பவில்லை. ஏதோ உரசுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு எழும்பியது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இத்தனை வருசம் வாழ்ந்தும் என் மனைவியின் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. மேல் லயத்தில் கதவு திறந்தது. பெண்கள் இறங்கி வந்தார்கள். வாசலில் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் கோத்துக்கொண்டார்கள். வயதானவர்களில் பலர் அத்தையோடு அங்கே கொழுந்து எடுத்தவர்கள். மதினி என்று சொல்லியும் தோழி என்று சொல்லியும் அழுதார்கள். பிணம் இல்லாத எழவு. நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

கருமாதி முடியும்வரை தினமும் பெண்கள் வந்து அழுதுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அப்படி ஒருநாள் மத்தியானம் ஏட்டு திரும்ப வந்தார். கோழியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற அம்மா எங்கள் வாசலில் அழுதுகொண்டிருந்தார். நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். ஏட்டு கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். அழுகை ஓய்கிறவரை நின்றார். பிறகு அக்காவிடம் குனிந்து கேட்டார்.

"யாருங்க தவறுனது?"

"இவ அம்மா."

"இவங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஏட்டைப் பார்த்தார். "இவரு பொண்டாட்டி."

"அன்னைக்கு அப்படி யாருமே இல்லேன்னீங்களே?"

"அன்னைக்கு இல்லீங்க. இன்னைக்கு இருக்கா. எழுதிக்குங்க."

பெண்கள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் மனைவி எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏட்டின் முன்னால் வந்து நின்றாள். கேட்பதற்கு முன்னாலேயே தன் பெயரைச் சொன்னாள். அவள் அப்பா பெயர், பிறந்த தோட்டம், வந்த நாள், எல்லாம் சொன்னாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. ஆனாலும் கடைசி வீடுவரை கேட்டது. ஏட்டு எழுதிக்கொண்டார்.

"அம்மாவ எங்க வச்சிருக்கறீங்க?" என்று கேட்டார்.

"கடலுக்கு அந்தப் பக்கங்க. அடக்கம் பண்ணிட்டாங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்படியே இறங்கிப் போனார்.

அனுமதி அதன்பிறகு வந்தது. அவள் ஒரு வருசம் இங்கே இருக்கலாம். வருசா வருசம் கேட்டு நீட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை போய்த் திரும்பி வரலாம் என்றும் அதிலேயே இருந்தது. நாங்கள் கேட்டது எல்லாம் இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டுத் தாளை வாங்கி மடித்தாள்.

"இனி யாரப் பாக்கப் போறது," என்றாள்.

பிறகு, "ஆனாலும் போகணும்," என்றாள்.

எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. தனியாகத்தான் போனாள். அவள் இல்லாத நாளில் அப்பாவின் மூலையில் டீ வைக்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவை இருமல் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. எழுந்து பார்க்கவில்லை. லயத்தில் தினமும் யாராவது கேட்டார்கள், "வந்துருவாளா?" என்று. வருவாள் என்றேன். விடுவார்களா என்பது எனக்கும் நிச்சயமில்லை.

விட்டார்கள். மறுநாளே இரண்டு பேரும் ஊட்டிக்குப் போய், அவள் திரும்பி வந்ததைப் பதிந்தோம். ஏட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"போன காரியம் ஆச்சுங்களாம்மா?"

"ஆச்சுங்க."

பஸ் குன்னூரைத் தாண்டி மஞ்சூர் ரோட்டில் திரும்பிய பிறகுதான் என்னிடம் சொன்னாள். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அத்தையை அங்கே தோட்டத்துச் சரிவில்தான் புதைத்தார்களாம். கல் எதுவும் வைக்கவில்லை. இவள் போவதற்குள் பெரிய மழை பெய்து மண் இறங்கிவிட்டது. தோட்டக்காரர்கள் அந்தச் சரிவை நிரவிப் புதுத் தேயிலைக் கன்று நட்டுவிட்டார்கள்.

"தம்பி கூட்டிட்டுப் போனான். இந்தப் பக்கம்னான். கொஞ்ச தூரம் வந்துட்டு, இல்ல அந்தப் பக்கம்னான். எல்லாம் ஒரே மாதிரி கன்னு மச்சான்."

"நீ என்ன செஞ்ச?"

"ரெண்டு பக்கமும் கும்பிட்டுட்டு வந்தேன்."